கலவை சர்வர் படுத்த வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் ஐந்து ஊர்களும் ஒன்றாக அடங்கும். ஆம்பூர், மேல்விஷாரம், கலவை, அதற்கப்பால் கான்பூர், கொல்கத்தா என்று அந்த ஷூ கம்பெனிக்கு எங்கெங்கே ஆலை உண்டோ, அங்கெல்லாம் தையல் மிஷின் ஓய்ந்து, பில் போடுகிறவரும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வாரத்தில் சர்வரை யாரும் தொடாத பகல் நேரம் அது ஒன்றுதான். ஆம்பூர் ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஐந்து ஊர் சர்வர்களையும் கட்டி மேய்க்கும் இருதயராஜ், அவற்றை நிறுத்தி எழுப்புகிற வேலையை எப்போதும் அந்த நேரத்துக்கே வைத்துக்கொள்வான்.

அன்றைக்கு அவனுக்கு வேறு அவசரமும் சேர்ந்துகொண்டது. பெங்களூரில் தங்கை குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் இவன். மூத்த குழந்தைக்கும் இவன்தான் என்று பேசியிருந்து, கடைசி நேரத்தில் கொல்கத்தா சர்வர் காலை வாரிவிட்டதில் வேறு யாரோ நின்றார்கள். தங்கை வெகுநாள் பேசவில்லை. இந்த முறை அவன் மனைவி நிஷா நாலு மணி வண்டிக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிட்டாள்.

சேர்ந்தாற்போல் சில நாளாகத் தூக்கம் அரைகுறைதான். திரையில் எல்லா ஜன்னல்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. நான்கு ஊர்களை ரீஸ்டார்ட் செய்து முடித்தான். கடைசியாகக் கலவை. கண் அசந்த நேரத்தில் கை ஒரு வரி மேலே போய்விட்டது. ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ஷட்டவுன்.

ரீஸ்டார்ட் என்றால் தானாக எழுந்து வரும். ஷட்டவுன் என்றால் யாராவது நேரில் போய்ப் பட்டனை அமுக்கினால்தான் உண்டு. நாலு பச்சைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் கலவை சிவப்பாக நின்றது.

கலவையில் ஸ்டோர் பார்க்கும் ஜியாவுல்லாவிடம்தான் சர்வர் ரூம் சாவி. பேட்டரி திருடு போனதற்குப் பிறகு அந்த ரூமுக்கு இரும்புக் கதவு, ஒரே சாவி, அதுவும் அவர் பையில். அவரோ பள்ளிவாசலில், போன் அணைந்திருந்தது. ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பொறுக்கியதே இவன்தான். யாரை நோவது?

தொழுகை முடிந்து வந்த மேனேஜர் வக்கார் அகமது எட்டிப் பார்த்தார்.

"கலவைல பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்க முடியலயாம். லாரி நிக்குதுப்பா."

"என் தப்பு சார். ஆஃப் பண்ணிட்டேன். ஜியாவுல்லா பாய் வந்தா ரெண்டு நிமிஷ வேலை."

"அது எழுந்திரிக்கற வரைக்கும் நீ ஊருக்கு எப்டி போறது?"

திட்டியிருந்தாலாவது தேவலை. பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

இப்போது ஜியாவுல்லாவின் போனில் மணி அடித்தது. எடுக்க ஆளில்லை. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தான். நடுவில் நிஷா கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"கலவை படுத்துட்டுது."

"நானும் புள்ளையும் ஸ்டேஷனுக்குப் போறோம். வந்தா வாங்க. இல்லன்னா உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. போன வாட்டி மாதிரி என்னைச் சொல்ல வைக்காதீங்க."

மூன்று மணி தாண்டித்தான் ஜியாவுல்லாவின் அழைப்பு வந்தது. மூச்சு இரைத்தது.

"ரூம்ல நிக்கிறேன் சார். எந்த பட்டன்?"

"கருப்புப் பெட்டில முன்னாடி, வலது ஓரமா சின்னதா ஒண்ணு இருக்கும் பாய். ஒரே அமுக்கு."

"கையெல்லாம் மண்ணா கீது. பரவால்லியா?"

"மண்ணா? எங்கேர்ந்து வர்றீங்க?"

"கபர்ஸ்தான்லேர்ந்து. எங்க மாமூ காலைல மவுத்தாய்ட்டாரு. ஜும்மா முடிஞ்சு அடக்கம். மூணு கை மண்ணு போட்டுட்டு போனைப் பாத்தா, பூரா உங்க பேரு. கம்பெனில கேட்டா, சர்வர் படுத்துட்டுதுன்னாங்க."

தாய்மாமனைக் குழியில் இறக்கிய நேரமெல்லாம் அந்த மனிதரின் சட்டைப்பையில் போனாக இவன் நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"விட்டிருக்கலாமே பாய். லாரி நாளைக்குப் போயிருக்கும்."

"லாரி கெடக்குது சார். நேத்து நீங்கதான சொன்னீங்க, ஞானஸ்நானம், போன வாட்டியே போவலன்னு. அதான் துஆ ஓதறதுக்குக் கூட நிக்காம வந்துட்டேன். தோ, லைட்டு வந்துடுச்சு. கிளம்புங்க. நானும் போறேன், வீட்ல ஜனம் ஜாஸ்தி."

சிவப்பு பச்சையானதைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினான்.

வண்டி நகரத் தொடங்கியபின் நிஷா பையை நகர்த்தி ஜன்னலோரம் இடம் விட்டாள்.

"எழுந்துடுச்சா?"

"எழுந்துடுச்சு."

கலவை ரூமுக்கு இன்னொரு சாவி போட்டு வாட்ச்மேனிடம் கொடுக்கும்படி மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பினான். அந்த வரி சட்டென்று வந்துவிட்டது. ஜியாவுல்லாவுக்கு என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை. எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். வாணியம்பாடி வருவதற்குள், பாதி வரியோடு போனைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனான்.