நஞ்சறுப்பான் வேர்

பூவாத்தாளின் புருஷன் திருமலைசாமிக்கு ஒன்பது வருஷமாக மூச்சிளைப்பு. கோயமுத்தூர் மில்லில் பஞ்சுக்கு நடுவே உழைத்து அவர் சேர்த்த சொத்து அது ஒன்றுதான். ஆஸ்பத்திரித் தண்ணி மருந்து, ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை நெய், எதற்கும் அது மசியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில் அவர் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். இந்தக் குளிரைத் தாண்டமாட்டார் என்று பூவாத்தாள் பயந்தாள்.

துடியலூர் வைத்தியர் சீனிவாசலு நாடி பார்த்துவிட்டு, வேறு வழியில்லாதவர்போலத்தான் சொன்னார்.

"உங்க தோட்டத்து வேலியில நஞ்சறுப்பான் கொடி இருக்குதுங்க, அம்மணி. விடியால போயி மஞ்சக் கயிறு கட்டி, நோயாளி பேரைச் சொல்லிக் கேட்டுப்போட்டு வேரை எடுக்கோணும். ஆரு பேரைச் சொல்றீங்களோ அவிங்களுக்குத்தான் அது போய்ச் சேரும். நோயில்லாத ஒடம்புல சேந்துதுன்னா மூச்சையே இறுக்கிப்போடும்."

ஆம்பளை வைத்தியருக்கு என்ன தெரியும்? புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் பூவாத்தாள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெருமாளைக் கும்பிடும்போதுகூட 'மலைமேல இருக்கறவரே' என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் விடியலில் கயிற்றைக் கட்டிவிட்டு, ஆறு வயது மகள் பாவாத்தாளை நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க பாவாத்தாளோட அப்பனுக்குக் குடுங்க."

இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அடியிலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் வேர் கைக்கு வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அந்த வேரைக் காய்ச்சிய கஷாயத்தைக் குடித்த திருமலைசாமி உதட்டைத் துடைத்தார்.

"பச்சத் தண்ணியாட்ட இருக்குது."

வாசலில் கம்மஞ்சோறு தின்றுகொண்டிருந்த பாவாத்தாள், "அம்மா, வாயெல்லாம் கசக்குது" என்று துப்பினாள்.

சோறு புளித்திருக்கும் என்று பூவாத்தாள் நினைத்தாள். இரண்டாம் நாள் குழந்தை வாந்தியெடுத்தது. எதையோ தின்றிருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை குழந்தை மூச்சுக்குத் திணறி அவள் மடியில் கிடக்க, எதிரே திருமலைசாமி கஷாயத்தைத் தானே எடுத்துக் குடித்தார். அவர் விழுங்க விழுங்க, மகளின் தொண்டை ஏறி இறங்கியது.

பூவாத்தாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழந்தையைக் கிடத்திவிட்டு வேலிக்கு ஓடினாள். வேர் எடுத்த குழி அப்படியே இருந்தது. பேரைச் சொன்னால் புருஷனின் ஆயுசு. சொல்லாவிட்டால் மகள். அழுதுகொண்டே குழிக்குள் குனிந்தாள்.

"பாவாத்தாளுக்கில்லீங்க. திருமலைசாமிக்குங்க. திருமலைசாமி."

தன் குரலே அவளுக்கு வேற்றாள் குரலாகக் கேட்டது.

வீட்டுக்கு ஓடிவந்தபோது மகள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். திருமலைசாமி வாசற்படியில் நிமிர்ந்து நின்றிருந்தார். நெஞ்சில் சத்தமே இல்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் மூச்சு ஒழுங்காக ஓடியது. பூவாத்தாள் சந்தோஷத்தோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேலிப் பக்கம் ஆரோ என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, அம்மணி. உன்ற கொரலாட்டமே இருந்துச்சு."

"நாந்தானுங்க கூப்பிட்டேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கயும் போகாதீங்க."

அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீதான் இங்க வந்துட்டியே. அங்க இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்குது. வாரேன்னு சொல்லிப்போட்டேன்."