ஒரு நிமிட மௌனம்

நாலே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். காப்பி போட்டுப் பாதி குடித்தேன். வானொலி நிலையம் மாதா கோயிலுக்குப் பின்னால், நடந்தால் ஆறு நிமிடம். பூட்டைத் திறந்து டிரான்ஸ்மிட்டரைப் போட்டேன். ஐந்தரைக்கு ஜெபமாலை. ஒலிப்பதிவு. குரல் என் மனைவியுடையது. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

நிலையத்துக்கு இது இருபத்தைந்தாவது ஆண்டு. வரலாற்று மலர் எழுதும் வேலையை இயக்குநர் சாமியார் என் தலையில் கட்டினார். படித்தவன், மெஷின் தெரிந்தவன், சாயந்திரம் போக்கிடம் இல்லாதவன் என்றார்.

முதல் அத்தியாயம் சுலபம். ஆயர் வந்து நிலையத்தை ஆசீர்வதித்துப் பேசினார். மைக்கைத் திறக்க மறந்துவிட்டார்கள். இருபது நிமிடம் வெறும் மௌனம் ஒலிபரப்பானது. அருமையான தியானம் என்று பாராட்டி ஏழு கடிதங்கள் வந்தன. ஆயர் மட்டும் எழுதவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் கருவியை வாங்கினார்கள். பத்து விநாடி சத்தமில்லாமல் போனால் தானாகவே ஒரு பதிவை ஓட்டிவிடும். என் மனைவி அறிவிப்பாளராகச் சேர்ந்ததும் அவள் குரலில் புதிதாகப் பதிந்தோம். "தடங்கலுக்கு வருந்துகிறோம். நிகழ்ச்சி உடனே தொடரும்."

கடைசி அத்தியாயம் அவளுடையது. அவளுடைய அடக்கப் பூசையை நேரலையாகக் கொடுத்தோம். உள்ளே இடம் போதாமல் வாசலில் ரேடியோ வைத்திருந்தார்கள். சாமியார் ஒரு நிமிட மௌனம் அறிவித்தார். பதினோராவது விநாடியில் வாசல் ரேடியோவில் அவள் தடங்கலுக்கு வருந்தினாள். சாமியார் விடுகிற ஆளில்லை. மௌனம் முழுசாக ஒரு நிமிடம் வந்தால்தான் கணக்கு என்று முதலிலிருந்து தொடங்கினார். அவள் மறுபடியும் வருந்தினாள். இப்படி ஒன்பது தடவை. கருவியை நிறுத்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதல் வரிசையில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து ஜனங்கள் கருவிக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்தார்கள். முட்டுவலி போய்விட்டதாக ஒருவர் அதன் முன்னால் முழந்தாளிட்டுச் சாட்சி சொன்னார்.

இன்று பத்து மணிக்குச் சாமியார் மலரின் கடைசிப் பக்கத்தோடு வந்தார். மத்தியானம் அச்சகத்துக்குப் போக வேண்டும், என் கையெழுத்து வேண்டும். "இயேசுவே, என் ஆத்துமத்தை ஏற்றுக்கொள்ளும்" என்பதுதான் அவள் கடைசி வார்த்தை என்று அவரே எழுதியிருந்தார். என் மாமியார் சொன்னாராம்.

மாமியார் அந்த நேரத்தில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லலேன்னா என்னப்பா, மனசுல நெனச்சிருப்பா. போடு."

அவள் என்ன சொன்னாள் என்று ஏழு மாதமாக யாருக்கும் நான் சொல்லவில்லை. அவள் குரல் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. அந்த ஒன்றுதான் என்னிடம் மிச்சம். கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும். பேனாவை மூடினேன்.

கருவிக்கு மெழுகுவத்தி கொண்டுவந்த மாமியார் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அங்க இல்லையே மாப்ள. போற வர்றவங்கெல்லாம் கேட்டாங்க, வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்." மெழுகுவத்தியை மேசைமேல் வைத்தார். "நெசமா என்னதான் சொன்னா? எனக்காவது சொல்லக்கூடாதா?"

பேனாவைத் திறந்து சாமியாரின் வரியை அடித்தேன். அதற்கு மேலே அவள் சொன்னதை எழுதினேன். மாமியார் கண்ணாடி கொண்டுவரவில்லை. வாசித்துக் காட்டினேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்தே வரல."