மயிலாகிப் போன விதைக்குடுக்கை

"ஊட்டுல ஆருக்கும் வேண்டாத சாமான் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று முந்தின நாள் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை என் பள்ளிக்கூடத்தின் பதினோரு பிள்ளைகளும் கொண்டுவந்து பரப்பியதைப் பார்த்ததும், இந்த மலைமேல் தேவனூர் நாட்டில் எவரும் எதையும் வேண்டாமென்று எறிவதில்லை என்பது புரிந்தது. உடைந்த வளையல் துண்டுகள், ஒரு காலித் தீப்பெட்டி, நைந்த சேலையின் கரை, சந்தையில் பொறுக்கிய சிகரெட்டு வெள்ளித்தாள், அவ்வளவுதான். ராசு தன் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினான். "இவன் ஆருக்கும் வேண்டாமுங்க."

தை மாதம் சேலத்தில் ஜில்லாப் பள்ளிக்கூடங்களின் கைவேலைக் காட்சி நடக்கப்போவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வீட்டில் கழித்த சாமான்களைக் கொண்டு பிள்ளைகளே செய்ததாக இருக்க வேண்டுமாம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் செய்த காகிதக் கப்பலைப் பார்த்து "தவளை நன்றாக வந்திருக்கிறது" என்று பாராட்டு வாங்கியவன் நான். அப்படிப்பட்டவனை நம்பி ஒரு மலையே காத்திருந்தது.

கடைசியாகக் கண்ணாயி வந்தாள். ஏழு வயது. மார்போடு ஒரு சுரைக்குடுக்கையை அணைத்திருந்தாள். புகை படிந்து கருத்து, வயிறு பெருத்து, கழுத்து லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. "ஆனி மாசத்துலருந்து அடுப்புக்கு மேல சும்மாதாந் தொங்குதுங்க. உள்ளுக்க ஒண்ணுமில்லீங்க" என்று குலுக்கிக் காட்டினாள். அந்தச் சாய்ந்த கழுத்தைப் பார்த்ததுமே எல்லாப் பிள்ளைகளும் மயில் என்று கத்திவிட்டார்கள். வாத்தியாருக்குத்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்பு. அவரை இலையைக் கசக்கிப் பச்சை. என் வேட்டிக்குப் போட வைத்திருந்த நீலம் முழுவதும் மயிலின் கழுத்துக்குப் போனது. மலைக்காற்று ஏற்கெனவே முறித்துவிட்ட என் குடையின் கம்பிகளை விசிறிபோல விரித்துக் கட்டி, ஒவ்வொரு நுனியிலும் வெள்ளித்தாளில் ஒரு கண் ஒட்டினோம். என் மாமனார் கல்யாணத்தில் கொடுத்த குடை அது. அவர் எனக்குக் கொடுத்தவற்றில் பிறருக்குச் சந்தோஷம் தந்தது அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் கண்ணாயியின் தாய் அத்தாயி வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாருங்க, அது கழிச்ச சாமானில்லீங்க. எங்கூட்டு விதைக்குடுக்கை. வெதைச்சு முடிச்சா அறுப்பு வரைக்கும் காலியாத்தான் தொங்கும். தை அமாவாசையன்னிக்குப் புதுச் சாமையில விதை எடுத்து அதுக்குள்ள போடோணும். வேற ஏனத்துல வெச்ச விதைய எங்கூட்டுல மண்ணுல எறக்க மாட்டாங்க."

குடுக்கைக்கு அதற்குள் கண்ணும் அலகும் வந்துவிட்டன. முழங்கை வரை நீலமாக நின்ற மகளை அத்தாயி பார்த்தாள். குட்டி அழுவதற்குத் தயாராக உதட்டைப் பிதுக்கியிருந்தாள். அத்தாயி திட்டத்தான் வந்திருப்பாள், ஆனால் திட்டவில்லை.

"அமாவாசைக்கு மின்னால வந்துருமுங்களா?"

"என் தலைமேல ஆணைம்மா" என்றேன். அந்தத் தலைக்கு ஊரில் பெரிய மதிப்பு கிடையாது. ஆனாலும் ஆணையிட என்னிடம் வேறொன்றும் இல்லை. குடுக்கையின் மரமூடியை மட்டும் பத்திரமாக என் பெட்டியில் எடுத்துவைத்தேன்.

அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் சாமியப்பன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டியவன். அவனே மலையேறி வந்தான். "நீ எதுக்குடா எறங்கி அலையறே? எங்க பள்ளிக்கூடத்துச் சாமானோட நானே கொண்டு போறேன். நானே கொண்டாந்து தாரேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, "செஞ்சவங்க பேரெழுதி ஒரு அட்டை கட்டிக் குடு" என்றான்.

என் கையெழுத்தில் உள்ள அழகையெல்லாம் கூட்டி எழுதினேன். கண்ணாயி தோள்மேல் எட்டிப் பார்த்தாள். அவள் இன்னும் ஆனா ஆவன்னாவைத் தாண்டவில்லை.

"என்னங்க எழுதறீங்க?"

"மயிலுன்னு எழுதியிருக்கறேன் கண்ணு."

தை பிறந்தது. சாமியப்பன் வரவில்லை. அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கையில் நானே இறங்கி, பஸ் பிடித்துச் சேலம் போனேன். காட்சி முடிந்து பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் பரிசு என்று எழுதிய பலகைக்குக் கீழே மயில் இல்லை. அட்டை மட்டும் இருந்தது. என் பெயரைச் சுரண்டிய இடத்தில் சாமியப்பனின் பெயரும் அவன் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருந்தன. கழுத்தில் மாலையோடு அவனே எதிரே வந்தான்.

"மயிலு எங்கடா?"

"அத ஏன் கேக்கறே, பரிசு குடுக்க வந்த துரைசானி அப்படியே சொக்கிப் போயிட்டாங்க. குடுக்காம முடியுமா? காலையிலயே மெட்ராசுக்கு ரயிலேறிப் போயிருச்சு."

"அது ஒரு குடியானவன் ஊட்டு விதைக்குடுக்கைடா!"

"ஒரு சுரைக்காய்க்கு இந்தப் பாடா? பத்துக் காய் நான் வாங்கித் தாரேன்."

"என் பேர அழிச்சிருக்கியே, பாவி."

சாமியப்பன் மாலையைக் கழற்றிக் கையில் சுற்றினான். கோபப்படவில்லை. "உன்ற பேரா? நீயா செஞ்சே? அந்தக் குட்டி பேர நீ எழுதியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்" என்றான்.

பொய்தான். தொட்டிருப்பான். நான் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அமாவாசையன்று முற்பகலில் அத்தாயியின் வீட்டுக்குப் போனேன். வாசலை மெழுகிப் பாய் விரித்து, விதைச் சாமையை நடுவில் கூராகக் குவித்திருந்தார்கள். அத்தாயி குளித்து ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். என் வெறும் கைகளைப் பார்த்தாள். வழியில் எத்தனையோ சமாதானங்களை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றுகூட வீடு வரை என்னோடு வரவில்லை.

"திரும்பி வராதுங்களா?" என்றாள்.

வராது என்று தலையை ஆட்டினேன். அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குவியலில் ஏறிய எறும்பு ஒன்றை விரலால் எடுத்து அப்பால் விட்டாள்.

கண்ணாயி ஓடிவந்து என் முன்னால் நின்றாள். நகக்கண்களில் நீலம் இன்னும் போகவில்லை.

"மயிலு அங்கியே இருந்துக்கிச்சுங்களா? அட்டையில இன்னும் மயிலுன்னே இருக்குதுங்களா?"

நான் மடியிலிருந்து குடுக்கையின் மரமூடியை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கித் தாயைப் பார்த்தாள். கண்ணாயி பாயோரம் மண்டியிட்டு, மூடியைச் சாமைக் குவியலின் உச்சியில் மெல்ல வைத்து அழுத்தினாள். தானியம் நாலாபுறமும் சரிந்தது. இரண்டு கைகளாலும் அதை அணைத்துச் சேர்த்துவிட்டு, மூடியை மறுபடியும் வைத்து அழுத்தினாள்.