மோதுசிக்காகத் தரிசாகக் கிடந்த வயல்

மோதுசியின் விமானத்தில் எஞ்சின் நின்றது, சோளம் கதிர் முற்றியிருந்த ஒரு மே மாதத்தில்; விமானம் இன்னும் தரையிறங்கவில்லை. தனியாகப் பறக்கப் பழகிக்கொண்டிருந்த பையன். மவுன் நகருக்கு வடக்கே, மொபானே மரங்கள் அடர்ந்த அந்தக் காட்டில் சமதரை என்று இருந்தது அவன் அம்மாவின் வயல் ஒன்றுதான். அதை நோக்கித் தாழ வந்தவன், கதிரைப் பார்த்ததும் விமானத்தின் மூக்கை நிமிர்த்தி மேலே போய்விட்டதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் வெயில் தாழும்போது சத்தமே இல்லாமல் வந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறான். விமான நிலையத்தில் முதலில் பதறினார்கள். பிறகு, மோதுசி வருகிறான், ஒதுங்கிப் போங்கள் என்று மற்ற விமானிகளுக்குச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

குற்றம் கதிர்மேல்தான் என்று அம்மா முடிவு கட்டினாள். அடுத்த மழைக்கு அவள் ஏர் பூட்டவில்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை. கறையான் புற்றுகளை இடித்து, முட்புதர்களை வெட்டி, வயலைக் களம் போல வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தார் கொடுத்த சோளத்தில் களி கிண்டி, மகனுக்கும் ஒரு தட்டு மூடிவைத்தாள். ஆனால் கீழே பார்க்காமலே சுற்றுகிறவனுக்கு, வயல் காலியாக இருக்கிறது என்று யார் சொல்வது? அவன் ரேடியோ என்றைக்கோ செத்துவிட்டது. அதற்காகத்தான், விமானச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடும் தங்கை செதுன்யா, வளர்ந்ததும் விமானம் ஓட்டும் பள்ளியில் சேர்ந்தாள்.

பாடம் சொன்ன பகாங், பறக்கும்போது திடீரென்று எஞ்சின் விசையைக் குறைத்துவிடுவார்.

"எஞ்சின் போச்சு. எங்க எறக்குவ?"

"அம்மா வயல்ல, சார்."

"உங்கம்மா வயல் என்ன நாடு பூரா விரிச்சுப் போட்டிருக்கா? கீழ பாத்துச் சொல்லு புள்ள!"

அவள் கீழே பார்ப்பாள். எஞ்சின் உண்மையிலேயே நின்றுவிட்டால் அம்மா இரண்டு தட்டு மூடிவைக்க வேண்டியிருக்குமே என்பதுதான் அவளுடைய பயம்.

முதன்முறை தனியாகப் பறந்த அன்று மாலையில் அவள் அண்ணனைப் பிடித்துவிட்டாள். இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறந்தபோது அவன் முகம் தெரிந்தது. அதே பத்தொன்பது வயது. வயதில் அவனைத் தாண்டிவிட்டவள், ஆனாலும் அண்ணே என்றுதான் வாயில் வந்தது. "வயல் காலியா கெடக்கு அண்ணே! அம்மா உனக்குன்னே போட்டு வெச்சிருக்கு. எறங்கு!" என்று கத்திக் கீழே கை காட்டினாள். அந்நேரம் அவள் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. அண்ணனைத் தாங்கிய காற்று அவளைத் தாங்கவில்லை. மோதுசி அவளைப் பார்த்தான், வயலைப் பார்த்தான். நீ போ என்பதுபோல விரல் நீட்டிவிட்டு, இறக்கையைச் சாய்த்து விலகிக்கொண்டான். அத்தனை ஆண்டுகள் அவனுக்காகக் கிடந்த வயலில் செதுன்யா இறங்கினாள்.

அம்மா மூடிய தட்டோடு ஓடிவந்தாள்.

"அவன் சாப்பிட்டானா?"

"இல்லம்மா. போனப்ப இருந்த மாதிரியே இருக்கான்."

அம்மா மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, "ஆறிடும். நீ சாப்பிடு" என்று தட்டை மகளிடம் நீட்டினாள். அவன் இனி இறங்கமாட்டான் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த மழைக்கு அம்மா ஏர் பூட்டினாள். சோளம் நன்றாக விளைந்தது. கதிர் பால் பிடித்தபோது குருவிக் கூட்டம் வந்து இறங்கியது. பக்கத்து வயல்காரர்கள் பொழுது சாயும்வரை தகரம் தட்டி விரட்டினார்கள். மோதுசியின் அம்மா தகரம் தட்டவில்லை. வெயில் தாழும்போது விமானத்தின் நிழல் அவள் கதிர்களின் மேல் ஊர்ந்து போகும். குருவிகள் ஒன்றுவிடாமல் எழுந்து பறந்துவிடும்.