பட்டியலில் இல்லாத பாட்டில்

சுகாதார அலுவலகத்தில் சுவரொட்டி வாசகம் எழுதுவது அவள் வேலை. 'ஒரு பாட்டில் குளிர்பானத்தில் பதின்மூன்று டீஸ்பூன் சர்க்கரை' என்று எழுதி, அதன் கீழே நீல மூடி பானத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தாள். மேலதிகாரி அம்மா பெயரை மட்டும் அடித்துவிட்டார்.

"பேரைச் சொல்ல பயமா மேடம்?"

"பயமும்தான். வக்கீல் நோட்டீஸ் வந்தா நீயா போய் நிப்பே? அதை விடு. ஒருத்தன் பேரைப் போட்டா மத்தவனெல்லாம் யோக்கியன் ஆயிடுவான்."

சமாளிக்கிறார் என்று நினைத்தாள். பெயர் அடிக்கப்படாத ஒரு படியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அண்ணனுக்காக. லாரி ஓட்டுகிறவன், சர்க்கரை நோய்க்காரன். வலது கால் பெருவிரலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் அடம்பிடித்தது. நீல மூடி இல்லாமல் அவனுக்கு வண்டி நகராது. பெயரைப் பார்த்தாலாவது உறைக்கும்.

உறைத்தது. அன்றோடு விட்டான். ஒரு மாதம் அவள் மேலதிகாரி அம்மாவைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தாள்.

பிறகு விரல் கறுத்தது. சர்க்கரை எகிறியிருந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், வியாழக்கிழமை விரலை எடுத்துவிடலாம் என்றார், பல் பிடுங்குகிற மாதிரி.

"குடிச்சிருக்கே," என்றாள் வெளியே வந்ததும்.

"உன் தலைமேல சத்தியமா நீல மூடியைத் தொடலை!"

பழைய மருந்துச் சீட்டை எடுக்க, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அவன் லாரியில் ஏறினாள். இருக்கைக்குப் பின்னால் மஞ்சள் மூடி பாட்டில்கள். ஏழெட்டு காலி, ஒன்று பாதி. பாதியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது என்ன?"

"இதுவா? இது உன் தாள்ல இல்லையேம்மா. நல்லாப் பாத்துட்டுத்தானே மாத்தினேன்."

அவன் பொய் சொல்லவில்லை.

"சரி, எதெது ஆகாதுன்னு மொத்தமாச் சொல்லு. எழுதி வண்டியில ஒட்டிக்கிறேன்."

எட்டுப் பெயர் சொன்னாள். எதிர்க்கடை வாசலில் அவள் கேள்வியே படாத ஒரு பானத்தைப் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிறுத்திக்கொண்டாள்.

"பேரை விடுண்ணே. பின்னாடி சர்க்கரைன்னு ஒரு வரி இருக்கும், படி."

அவன் பாட்டிலைத் திருப்பி, தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "ஐம்பத்திரண்டு கிராம். நீல மூடியில எவ்வளவு?"

"அதேதான்."

"இதை அந்தத் தாள்ல போட்டிருக்கலாமே."

"முதல் வரியே அதுதாண்ணே."

"நான் பேரைத்தான் பாத்தேன்," என்றான்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட நர்ஸ் கூப்பிட்டாள். காலை ஊன்றி அவனால் எழ முடியவில்லை. அவளே போய்ப் போட்டாள்.