முதல் கோலுக்கான கரடிகள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மார்லோ ஃபால்ஸ் நகரின் சரித்திரத்தில், ஏன், வட அமெரிக்கக் கண்டத்தின் சரித்திரத்திலேயே பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நன்னாள் வரும் சனிக்கிழமை மாலை உதயமாகிறது. மார்லோ ஃபால்ஸ் தண்டர் பனி ஹாக்கி அணியின் நிறுவனரும், தலைவரும், ஹாக்கி விவகாரங்களின் தலைமை ஆலோசகருமான திரு. கிளிஃபர்ட் ஓஸ்ட்ராண்டர் அவர்களின் முதலாம் எண் சட்டை அன்று அரங்கத்தின் கூரைக்கு ஏற்றப்பட்டு, நிரந்தர ஓய்வு பெறும்.

திரு. ஓஸ்ட்ராண்டர் மெத்தை வியாபாரி. ஹாக்கி மட்டையைப் புகைப்படத்துக்காகத் தவிர வேறு எதற்கும் அவர் கையில் எடுத்ததில்லை.

அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. டோரீன் பெல்கி அதைக் காலைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தாள். எதிரே ரேஜான் தட்டிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக ஒழித்துக்கொண்டிருந்தான். எதிரணிக்காரர்களின் மூக்கை உடைப்பதற்கென்றே கியூபெக்கிலிருந்து வரவழைக்கப்பட்டவன் அவன். சின்ன லீக்குகளில் ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள்தான் வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவார்கள். ரேஜான் டோரீனின் பின்னறைக்கு வந்தது முதல் அவள் வீட்டில் உருளைக்கிழங்கு தங்கியதில்லை.

"ஏன்டா, சட்டைக்கு எப்போடா ஓய்வு குடுப்பாங்க?"

"பெரிய பெரிய ஆளுங்களுக்கும்மா. இருபது வருஷம் ஆடி, பல்லெல்லாம் போன அப்புறம்."

"இவன் எத்தனை வருஷம் ஆடினான்?"

"அவருக்குப் பனி மேல நிக்கவே வராதும்மா. அக்டோபர்ல ரிப்பன் வெட்ட வந்தவரு, விழாம இருக்க ரிப்பனையே பிடிச்சிட்டுத் தொங்கினாரே, மறந்துட்டீங்களா?"

"ஒண்ணாம் நம்பர் நம்ம கோல்கீப்பரோடதாச்சே!"

"இனிமே அந்த நம்பரை யாரும் போடக் கூடாதாம். இப்ப அவன் முப்பத்தொண்ணு. முன்னாடி டேப்பால ஒரு மூணு ஒட்டிக்கிட்டான்."

அணிக்கு வயது இரண்டரை மாதம். லீக்கில் அதற்குக் கீழே வேறு அணி கிடையாது. டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். கூரையில் அவன் சட்டையைத் தொங்கவிடட்டும், உள்ளாடையைத் தொங்கவிடட்டும், அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அணி ஊரை விட்டுப் போகக் கூடாது.

நவம்பரில், தீயணைப்பு நிலையத்தில் நடந்த ரசிகர் மன்றக் கூட்டத்துக்கு ஓஸ்ட்ராண்டர் வந்திருந்தார். மன்றத் தலைவி டோரீன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாதி நாற்காலி காலியா இருந்தா நான் என்ன செய்யறது, டோரீன்? கரடி ராத்திரி அன்னிக்கி அரங்கத்தை நிரப்பிக் காட்டுங்க. ஒரு நாற்காலி காலியா இருக்கக் கூடாது. அப்புறம் அணி எங்கயும் போகாது. இது என் வாக்கு."

கரடி ராத்திரி என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆட்டம், அதாவது இந்தச் சனிக்கிழமை. வருகிற ஒவ்வொருவரும் ஒரு கரடிப் பொம்மை கொண்டு வர வேண்டும். உள்ளூர் அணி முதல் கோல் போட்டதும் எல்லோரும் பொம்மைகளைப் பனித்தளத்தில் எறிவார்கள். பொறுக்கி எடுத்து நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். கோல் விழாமல் எறியக் கூடாது. நேராக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்ட புதுப் பாதிரியார் ஒருவரை ஊர் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

டோரீன் நிரப்பினாள். வீடு வீடாகப் போனாள். மீன்பிடிக் கடையில், மாதா கோயில் வாசலில், சவ அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில்கூட ஆள் பிடித்தாள். வேலி தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த பக்கத்து வீட்டுக்காரனிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள். பொம்மை வாங்க வசதியில்லை என்றவர்களுக்காக அவளும் மன்றத்துப் பெண்களும் கரடி தைத்தார்கள். துணி, காகித ஆலையின் பழைய கம்பளி. ஈரக் காகிதத்தைத் தாங்கி ஓடும் அந்தக் கனத்த கம்பளி தேய்ந்ததும், தொழிலாளிகள் வீட்டுக்குக் கொண்டுவந்து போர்வையாக்கிக்கொள்வார்கள். ஊரில் பாதிப் பேர் அதற்குள் பிறந்து வளர்ந்தவர்கள். அதில் செய்த கரடி அழகாக இராது. செங்கல் மாதிரி இருக்கும்.

ஆலை மூடி மூன்று வருடம். மூடுவதற்கு முந்தின வாரம் நிர்வாகம் தொழிலாளர் குடும்பங்களுக்கு விருந்து வைத்தது. அவித்த சோளம், பலூன், மேனேஜர் கையால் ஐஸ்கிரீம். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார் மேனேஜர். திங்கட்கிழமை வாசலில் சங்கிலி. டோரீன் அன்றைக்கு ஒரு ஸ்பேனரோடு உள்ளே போய், ஷிஃப்ட் மாறும்போது ஊதும் கைச் சைரனைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்ததாம்.

அந்தச் சைரன்தான் இப்போது அரங்கத்தின் முதல் வரிசைக் கம்பியில் முடுக்கப்பட்டிருந்தது. உள்ளூர் அணி கோல் போட்டால் டோரீன் கைப்பிடியைச் சுற்றுவாள். சைரன் கேட்டால் கோல். கரடி ராத்திரியில் சைரன் கேட்டால் கரடி. வேறு யாரும் அதைத் தொட முடியாது.

சனிக்கிழமை அரங்கம் பிதுங்கியது. மடியில் கரடி, தோளில் கரடி, கையில் இறைச்சிக் குழம்பு ஊற்றிய சாசேஜ் ரொட்டி. மாடிப் பெட்டியில் ஓஸ்ட்ராண்டர் பட்டு டையோடு நின்று, யாரும் கையசைக்காதபோதும் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெயிலில் வெந்து சிவந்த முகத்தோடு, அந்தக் குளிரில் வெள்ளைப் பேண்ட் போட்ட ஓர் ஆள்.

"யாருடி அது, இறால் மாதிரி?" என்றாள் பெர்னிஸ். டோரீனின் சிநேகிதி. அவள் காதில் போட்டது ஊருக்குள் போட்டது மாதிரி.

"எவனோ சொந்தக்காரனா இருப்பான். நீ ஆட்டத்தைப் பாரு."

ஆட்டத்துக்கு மூன்று பகுதி. முதல் பகுதியில் கோல் இல்லை. இரண்டாம் பகுதி முடியப் போகும் நேரத்தில் ரேஜான், ஆட்ட வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் அடிக்காமல் ரப்பர் வட்டை அடித்தான். அது கோல் கம்பத்தில் 'டங்' என்று பட்டுத் திரும்பியது. பொறுமையில்லாத பத்துப் பதினைந்து பேர் கரடிகளை வீசிவிட்டார்கள். நடுவர் விசிலடித்து, டோரீன் இருந்த பக்கம் வந்து கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.

"அம்மா, உங்க ஜனங்களுக்குச் சொல்லுங்க. கோல் விழாம இன்னொரு தடவை எறிஞ்சா, ஆட்டத்தைத் தாமதப்படுத்தினதுக்கு உங்க டீமுக்குத் தண்டனை. ஒரு ஆளைக் கொறைச்சு ஆடணும்."

"சைரன் ஊதாம இனிமே ஒருத்தரும் எறிய மாட்டாங்க, ஐயா. நான் பொறுப்பு."

இடைவேளையில் மிச்சக் கம்பளிக் கரடிகளை எடுத்துவர அவள் பின்வாசலுக்குப் போனாள். அங்கே லாரி ஒன்று பின்பக்கம் திறந்தபடி நின்றது. ஆட்டக்காரர்களின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல், தள்ளுவண்டியில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்தான்.

"தெரியுது, எழுந்திரு. பாதி ஆட்டத்துல வாஷிங் மெஷினை எங்க கொண்டுபோற?"

"என்னை ஒண்ணும் கேக்காத, டோரீன்."

"உன்னைத்தான் கேக்கறேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றினான். "தெக்கே. டீமை வித்தாச்சு, கையெழுத்துதான் பாக்கி. ஆட்டம் முடிஞ்சதும் பசங்களை பஸ்ல ஏத்தணுமாம். அதுவரைக்கும் அவனுங்களுக்கே சொல்லக் கூடாதாம். மாடியில இருக்காரே, செவப்பு மூஞ்சி, அவர்தான் வாங்கறாரு."

"அரங்கத்தை நிரப்பினா அணி இங்கயே இருக்கும்னானே!"

"நிரம்பின அரங்கத்தை அவருக்குக் காட்டணும்னுதான். காலியா இருந்தா எவன் வாங்குவான்? கடைக்கு ஆள் வர்ற மாதிரி காட்டி வித்துட்டாரு."

"அப்போ நிரப்பிக் குடுத்தது யாரு?"

வெண்டல் தரையைப் பார்த்தான். "நீதான்."

டோரீன் கரடிப் பெட்டியை எடுக்கக் குனிந்தாள். அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்து வந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. பக்கத்து வீட்டுக்காரன்கூட இரண்டு கரடியோடு வந்திருந்தான். ஆலைக்காரனாவது அவித்த சோளம் போட்டான். இவன் விருந்தையும் நம் கையாலேயே சமைக்க வைத்து, நம்மையே பரிமாறச் சொல்லி, கடைசியில் நம்மையே இலையில் வைத்து விற்றுவிட்டான்.

கரடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடத்துக்கு வந்தாள். பெர்னிஸின் காதில் மூன்று வாக்கியம் சொன்னாள். நான்காவது தேவைப்படவில்லை. செய்தி வரிசை வரிசையாக மேலே ஏறியது. அது போன இடமெல்லாம் பேச்சு அவிந்தது. மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

விளக்குகள் மங்கின. பனித்தளத்தின் மையம் வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். ஆட்டக்காரர்களை இரு புறமும் காவலர் மாதிரி நிறுத்தினார்கள். ஓஸ்ட்ராண்டர் பளபளக்கும் பூட்ஸில், முட்டைகளின் மேல் நடப்பவர் போல நடந்துவந்து மைக்கைப் பிடித்தார். எக்காளம் ஒலிக்க, முதலாம் எண் சட்டை கயிற்றில் ஆடி ஆடி மேலே போனது. பாதியில் சிக்கிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. அரங்கம் மயானம் மாதிரி இருந்தது. அந்த அமைதியை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் அருமை மார்லோ ஃபால்ஸ் மக்களே! எத்தனையோ ஊர்க்காரங்க என்னைக் கூப்பிட்டாங்க. நான் சொன்னேன், அந்த ஜனங்களை விட்டு நான் எங்கயும் வர மாட்டேன்னு. ஏன்னா நாமெல்லாம் ஒரே குடும்பம்..."

டோரீன் சைரனின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள்.

ஆலைச் சைரன் முதலில் முனகி, பிறகு ஊளையிட்டு, பிறகு மூன்று வருடமாக அந்த ஊர் கேட்காத முழுக்குரலில் அலறியது. முதல் கரடி அவர் தோளில் பட்டது. அவர் புன்னகையோடு கைகளை விரித்தார். அடுத்த கணம் அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று எறிந்தது. கடையில் வாங்கிய பஞ்சுக் கரடிகள் அவர்மேல் பட்டுத் துள்ளின. கம்பளிக் கரடிகள் துள்ளவில்லை. ஒன்று மைக்கைத் தட்டிப் பறித்தது. இன்னொன்று மூக்குக் கண்ணாடியை. அவர் கம்பளத்தை விட்டு ஓரடி விலகினார், அவ்வளவுதான். கால்கள் பாதியில் சிக்கிய சட்டையைச் சுட்டிக்காட்ட, மல்லாந்து விழுந்தார்.

"ரேஜான்! என்னைத் தூக்குப்பா!"

ரேஜானின் காதுக்கும் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அவன் சறுக்கிக்கொண்டே போய் அவருக்கு முன்னால் நின்றான். கீழே கிடந்த ஒரு கம்பளிக் கரடியை மெல்ல எடுத்து, அவர் மார்பின்மேல் வைத்தான். "குடும்பம்னா சும்மாவா, ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

டோரீன் தோள் கழன்றுவிடும்போல ஆகும்வரை சுற்றினாள். நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். வாங்க வந்தவன் இதைப் பார்க்கட்டும். இந்தச் சனியனை வாங்கினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். பேரம் உடையட்டும்.

சிவந்த முகக்காரர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல். வெண்டல்தான் இறங்கி வந்து சொன்னான்.

"மனுஷன் சொக்கிப் போயிட்டாரு, டோரீன். ஓனரையே விழவச்சு விளையாடற இந்த மாதிரி ஒரு வேடிக்கை நிகழ்ச்சியை ஆயுசுல பாத்ததில்லையாம். அங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் இதை வைக்கணுமாம். கையெழுத்துப் போட்டுட்டாரு." தொப்பியை மறுபடி கழற்றினான். "அந்தச் சைரனையும் சேத்துத் தருவீங்களான்னு கேக்கறாரு."

டோரீன் சொன்ன பதிலை வெண்டல் மேலே கொண்டுபோகவில்லை.

கரடிகளைப் பொறுக்கி முடிக்க நேரமானது. நடுவர் சொன்னபடியே தண்டனை கொடுத்தார். மூன்றாம் பகுதியில், ஓர் ஆள் குறைந்த தண்டர் மீது எதிரணி ஒரு கோல் போட்டது. அதுவே ஆட்டத்தின் ஒரே கோல். பேருந்து வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, ரேஜான் டோரீன் கொடுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். பாதியில் சிக்கிய சட்டையை இறக்க ஏணி கிடைக்காததால் அது அங்கேயே தொங்கியது. டோரீன் ஸ்பேனரை எடுத்துச் சைரனைக் கழற்றத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.

தெற்கே போன அணி ஆறே வாரத்தில் கலைக்கப்பட்டது. அந்த வெயிலில் அங்கே பனித்தளம் உறையவில்லை.