கரையேறியவளின் நடை

பழனியம்மாள் கிரைண்டரிலிருந்து உளுந்து மாவை வழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் கையெல்லாம் மாவு. அதனால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டவர் அவள் கணவர் சென்னிமலைதான்.

"'கரையேறியவள்' படத்துல வேலை செஞ்ச பழனியம்மாள் அம்மாங்களா? சேலம் ஃபிலிம் சொசைட்டியில இருந்து கலையரசன் பேசறனுங்க. தொலைஞ்சு போச்சுன்னு நெனச்ச அந்தப் படச்சுருள் கெடைச்சிருச்சுங்க. ஞாயித்துக்கெழமை காலைல போடறோம். பெரியவங்க மட்டும் பாக்கற கார்ட்டூன் படம்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கோம். நீங்க அவசியம் வரோணுமுங்க."

போன் அணைந்த பிறகு சென்னிமலை அவளைப் பார்த்தார். "மெட்ராஸ்ல டிராயிங் டீச்சருக்குப் படிச்சேன்னுதான சொன்னே?"

"படிச்சேனுங்க. இதுவும் செஞ்சேன்."

"என்ன படம் அது?"

அவள் மாவை வழித்துக்கொண்டே சொன்னாள். "ஒருத்தி ஆத்துல இருந்து ஏறி வருவாளுங்க. மேல துணி இருக்காது."

சென்னிமலை போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நானும் வாரேன்" என்றார். அந்த வாரம் முழுக்க விடியுமுன்பே, போர்வெல் போடும் தன் ரிக் வண்டிகள் நிற்கும் ஷெட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்த நேரமும் பேச்சு சாப்பாட்டோடு நின்றது.

அந்தப் படத்தில் வேலை செய்தபோது பழனியம்மாளுக்கு இருபத்தொரு வயது. கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் தாமோதரன் என்பவர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம்கூட ஓடாத படம். அதற்கே ஆயிரக்கணக்கில் படங்கள் வரைய வேண்டியிருந்தது. வரைந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் வரைந்த நாயகி கோயில் தூணில் இருப்பவளைப் போல இருந்தாள். அழகாக நின்றாள், நடக்க மாட்டேன் என்றாள். தாள் தாளாகக் கிழித்துப் போட்ட தாமோதரன் ஒருநாள் அலுத்துப்போய் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். அன்று மத்தியானம் பழனியம்மாள் விடுதி அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நடந்து பார்த்து, தன்னையே வரைந்தாள். சின்ன வயதில் கிணற்றுப்படியில் விழுந்ததில் அவளுக்கு இடது கால் கொஞ்சம் தாமதமாகத்தான் தரையைத் தொடும். அதையும் சேர்த்தே வரைந்தாள். தாமோதரன் அந்த நடையையே படத்தில் வைத்தார். படத்தை ஒரே ஒருமுறை திரையிட்டார்கள். பாதி அரங்கம் எழுந்து போனது. அடுத்த வருஷம் அவள் கல்யாணமாகித் திருச்செங்கோடு வந்துவிட்டாள். தாமோதரனும் இறந்துபோனார் என்று யாரோ சொன்னார்கள்.

ஞாயிறன்று சேலத்தில் அந்தச் சின்ன அரங்கில் விளக்கை அணைத்தார்கள். திரையில் ஆறு ஓடியது. நாயகி அதிலிருந்து ஏறி வந்தாள். உடம்பிலிருந்து வழிந்த தண்ணீரோடு சேலையும் கரைந்து ஓடிப்போனது. வழிநெடுக மரங்களில் பழத்துக்குப் பதில் கண்கள் காய்த்துத் தொங்கின. அவள் யாரையும் பார்க்காமல், இடது காலைக் கொஞ்சம் தாமதமாக ஊன்றி, நடந்துகொண்டே இருந்தாள். பக்கத்து நாற்காலியில் சென்னிமலையின் மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியதைப் பழனியம்மாள் கேட்டாள். கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று அவளுக்குள் அவிழ்ந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கோடுகள் கோணலாக, சிறுபிள்ளைத்தனமாக இருந்திருக்குமோ என்றுதான் அவள் உள்ளூர அஞ்சியிருந்தாள். இல்லை. அவள் நடந்தாள். உயிரோடு நடந்தாள்.

திரும்பும்போது மல்லசமுத்திரம் தாண்டி ஒரு டீக்கடை எதிரே சென்னிமலை காரை நிறுத்தினார். இறங்கிப் பானெட்டில் சாய்ந்து நின்றார். அவளும் இறங்கினாள்.

"அது நீதான?"

"ஆமாங்க."

"யாரு முன்னால நின்னே?"

"கண்ணாடி முன்னால."

"வேற ஆரும் இல்லியா?"

"கதவச் சாத்திட்டு, நானே பாத்து நானே வரைஞ்சதுங்க."

சென்னிமலை பெரிதாக மூச்சை விட்டார். வாரம் முழுக்க இறுகியிருந்த முகம் இளகி, சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

"இத்தன நாளும் அதத்தான் நெனச்சிட்டு இருந்தீங்களா?"

"வேற என்னத்த நெனைப்பேன்?"

"நல்லா வரைஞ்சிருப்பாளான்னு நெனச்சிருக்கலாமல்லங்க."

அவர் சிரிப்பு அடங்கியது. ரோட்டில் போன லாரி ஒன்றை அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்துல கண்ணெல்லாம் தொங்குச்சல்ல புள்ள" என்றார். "அதுல ரெண்டு எங் கண்ணோன்னு இருந்துச்சு. அவ பாட்டுக்குப் போறா. நடையப் பாத்தாலே தெரியுது, அவ நிக்க மாட்டாள்னு. அப்படி வரைய ஒன்னாலதான் முடியும்."

பழனியம்மாளுக்குக் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "டீ வாங்கியாங்க" என்றாள். "எனக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலா."

அவர் ரோட்டைக் கடந்து போனார். முதுகு லேசாகக் கூன் போட்டிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் வலது தோள் இறங்கி ஏறியது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பையைத் தூக்கிப் போகிறவரைப் போல. பழனியம்மாள் கண் எடுக்காமல் பார்த்தாள். பானெட்டில் படிந்திருந்த புழுதியில் அவள் விரல் அந்த முதுகைப் போல ஒரு வளைவை இழுத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று.